லிஃப்ட்டுக்காரரின் பதில்

காலை ஆறே முக்காலுக்குத் திரையில் முப்பது சதவீதம் என்று இருந்தது. ஏழே காலுக்கும் அதே முப்பதுதான். புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி. அவள் அதைப் படிக்கத்தான் செய்தாள். ஆனால் அரை மணி நேரமாக ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க யாரால் முடியும்? மாட்டிக்கொண்டுவிட்டது என்று தானே முடிவுகட்டி, கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் இருந்த பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தாள். கட்டிலில் படுத்திருந்த கணவர் கண்களை இறுக மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் "வேண்டாம், வேண்டாம்" என்று சொன்னார் என்பது உறைக்கும்போது திரை கறுத்துப்போயிருந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறைகளில் நின்று வேலை பார்த்தவர். குடியிருப்பில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டுக்காரர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. பிறகு கை, அப்புறம் கால், அதற்கப்புறம் பேச்சு என்று நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. இப்போது அவர் வசம் மிச்சமிருப்பது கண்கள் மட்டும். மூச்சுக்கு முகத்தில் ஒரு முகமூடியும், அதன் குழாய் போய்ச் சேரும் சின்ன இயந்திரமும். பேச்சுக்கு அந்தக் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் கட்டிலுக்கு மேல் ஓர் இரும்புக் கையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் கீழ் விளிம்பில் இருக்கும் கேமரா அவருடைய கண்ணைப் பின்தொடரும். எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அது விழும். எழுதி முடித்ததும் செய்தி வாசிப்பவர் மாதிரியான ஒரு குரல் அதைப் படிக்கும். அந்தக் குரல் முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வேற்றாள் ஒருவர் புகுந்துகொண்டு "டீயில் சர்க்கரை குறைவு" என்று குற்றம் சொல்வதுபோல் இருந்தது. இரண்டு வருஷத்தில் அது பழகி, அவர் குரல் அதுதான் என்றே ஆகிவிட்டது.

அந்தக் குரல் இன்றைக்குத் தேவைப்பட்டது. என்றைக்கும் இல்லாத அளவுக்கு, இன்றைக்கு.

போன வாரம் டாக்டரம்மா வந்து மூச்சை அளந்து பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முகமூடி இனிமே ரொம்ப நாள் தாங்காது. தொண்டையில ஒரு துளை போட்டுக் குழாய் வெச்சா வருஷக்கணக்குல இருக்கலாம். வெக்கலைன்னா மாசக்கணக்கு. அவசரத்துல ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கன்னா உங்களைக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க, போட்டுடுவாங்க. அதனால இப்பவே யோசிச்சு நீங்களே சொல்லிடுங்க. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். சரின்னா செவ்வாய்க்கிழமையே இடம் இருக்கு. அதுக்கப்புறம் நான் பத்து நாள் ஊர்ல இல்லை."

நேற்று மாலை அவர் இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்குச் செய்தி வாசிப்பவர் சொன்னார்: "நாளைக்கு. டாக்டர் முன்னாடி. ஒரே தடவைதான் சொல்லுவேன்."

அந்த ஒரே தடவை இப்போது கறுத்த திரைக்குள் இருந்தது.

மறுபடி பொத்தானைத் தொட்டாள். சின்னம் வந்தது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, அணைந்தது. தானாகவே மறுபடி சின்னம், மறுபடி புள்ளிகள். மூன்றாவது சுற்றில், தானியங்கிச் சரிசெய்தலுக்குத் தயாராகிறது என்று வந்தது. கொஞ்சம் மூச்சு விட்டாள். இரண்டு நிமிடத்தில், சரிசெய்ய முடியவில்லை என்று நீலத்தில் எழுதிக் கையைக் கழுவிவிட்டது.

"இருங்க, போன் பண்றேன்" என்றாள்.

கண்ணால் எழுதும் நிரலைப் போட்டுக்கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணில் பத்து நிமிடம் இசை ஓடியது. அதற்குள் அவரை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வாயோரம் துடைத்துவிட்டாள். ஒருவழியாக ஒருவர் எடுத்தார்.

"ரீசெட் குடுத்துடுங்க மேடம். எல்லாம் புதுசா வந்துடும்."

"அதுல இருக்கறது?"

"அது போயிடும். எங்க ஆள் வந்து ப்ரோக்ராம் போட்டு, சாரோட கண்ணுக்கு செட் பண்ணித் தருவாரு."

"எப்ப வருவாரு?"

"வியாழக்கிழமைக்குள்ள பாக்கறோம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் கண்ணை மூடினார். இந்த முறை அவள் தவறவிடவில்லை. மேலே பார்த்தால் ஆமாம், மூடித் திறந்தால் இல்லை. வீட்டில் இரண்டே சொல்தான் அகராதி.

"வேணாங்கறாருங்க."

"யாரு மேடம்?"

"அவர்தான்."

"அவருக்குப் பேச வராதுன்னு இங்க போட்டிருக்கே?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மணி எட்டரை. பார்சல் அலுவலகத்துக்கு லீவு சொல்லியாகிவிட்டது. அவள் அங்கே கவுன்ட்டரில் இருப்பவள். நாள் முழுக்க நீளநீளமான எண்களைப் படித்துச் சொல்வது, பெட்டியை எடை போடுவது, வராத பார்சலுக்குத் திட்டு வாங்குவது. கம்ப்யூட்டர் அங்கேயும் உண்டு. நின்றால் மேலாளரைக் கூப்பிடுவாள். அவளுடைய தொழில்நுட்ப ஞானம் அவ்வளவுதான். வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் திருகாணியைக் கழற்றுகிற வேலை எப்போதும் அவருடையது. இப்போது அந்த ஆள் கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு படுத்திருக்க, கை அவளுடையதாக இருந்தது.

இரும்புக் கையைத் தன் பக்கம் திருப்பி, அலமாரியிலிருந்து பழைய கீபோர்டை எடுத்துச் செருகினாள். பிறகு அவரும் பார்க்கிற மாதிரி திரையைச் சாய்த்தாள்.

"நான் படிக்கறேன். நீங்க சொல்லுங்க. தொடரவும்?"

மூடித் திறந்தார்.

"பிழை நீக்கு?"

மேலே பார்த்தார்.

உள்ளே இரண்டு இருந்தன. ரீசெட் முதலாவது. அதன் மேல் விரல் படுமோ என்று பயந்து அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மேம்பட்ட விருப்பங்கள்" என்று இரண்டாவதைப் படித்ததும் அவர் மேலே பார்த்தார். அதற்குள் ஆறு கட்டங்கள். தொடக்கத்தைச் சரிசெய்வது, புதுப்பிப்பை நீக்குவது, கட்டளைத் திரை, பழைய நிலைக்கு மீட்பது, இன்னும் இரண்டு. ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, ஏதோ பெரிய ஹோட்டலில் புரியாத மெனுவை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. அவர் முதல் கட்டத்துக்கே மேலே பார்த்தார்.

அழுத்தினாள். நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்றது.

"சாவியா? என்ன சாவி? எங்க இருக்கு?"

அவர் அவளையே பார்த்தார். ஆமாம் இல்லையில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

கம்ப்யூட்டரில் கண்ணால் எழுதும் வசதி வருவதற்கு முன்னால் அவர்கள் எழுத்து எழுத்தாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் வரிசையாகச் சொன்னால் ஒரு வார்த்தைக்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று அவரே ஒரு வழி வைத்திருந்தார். முதலில் இனம், பிறகு மெய், பிறகு உயிர். பள்ளிக்கூடத்தில் இலக்கணத்துக்கு வாங்கிய அடியெல்லாம் இப்போதுதான் பலன் தருகிறது என்று அந்த முறையிலேயே அரை மணி நேரம் செலவழித்து ஒரு ஜோக் வேறு அடித்தார். அவளுக்கு அந்த முறை அறவே பிடிக்காது. பொறுமை போய்விடும். பாதி வார்த்தையிலேயே தானாக முடித்துவிடுவாள், தப்பாக.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வல்லினம்? மெல்லினம்?"

மேலே.

"ங, ஞ, ண, ந, ம..."

மேலே.

"அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ..."

மேலே. மெ.

அடுத்து இடையினம், முதல் எழுத்து, இ. யி.

"மெயில்" என்று எழுந்தேவிட்டாள். "உங்க மெயில்ல இருக்கா?" அவர் கண்ணை மூடுவதற்குள் போனை எடுத்து அவருடைய பழைய மின்னஞ்சலுக்குள் நுழைய ஆரம்பித்திருந்தாள். கடவுச்சொல் தப்பு என்றது. இன்னொன்று போட்டாள். அதுவும் தப்பு. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடந்துகொண்டே நாலைந்து கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் மூடித் திறந்து, மூடித் திறந்து, சலித்துப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயில் இல்லையா?"

மூடித் திறந்தார்.

மறுபடி உட்கார்ந்தாள். மெல்லினம். "ங, ஞ, ண, ந, ம, ன..." மேலே. ன்.

"மெயின்." ஒரு கணம் யோசித்தாள். "மெயின் ஸ்விட்ச் பெட்டியா?"

அன்றைக்கு வேறெப்போதும் அவர் அவ்வளவு நேரம் மேலே பார்க்கவில்லை.

வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த மின்பெட்டியின் மூடியைத் திறந்தாள். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு அது பழக்கம். எந்த இயந்திரமாக இருந்தாலும் அதன் விவரத்தைப் பெட்டிக் கதவின் உட்பக்கம் எழுதிவைத்துவிடுவார்கள். அப்போதுதான் அடுத்து வருகிறவன் தேட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், விரல் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்த காலத்தில், மார்க்கரால் எழுதியிருந்தார். ஆறாறு இலக்கமாக எட்டு வரி. கை நடுங்கியிருப்பது எண்களில் தெரிந்தது. அவள் தினமும் திறந்து மூடும் கதவுக்கு ஒரு சாண் தள்ளி மூன்று வருஷமாக இருந்திருக்கிறது.

போனில் படம் எடுத்து வந்து தட்டினாள். இந்த வேலையில் அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது. ஒரு நாளைக்கு இப்படி நூறு எண் படிக்கிறவள். ஆனால் ஐந்தாவது வரி தப்பு என்றது திரை. அதில் ஓர் எண் ஒன்றா ஏழா என்று தெரியாமல் இழுபட்டிருந்தது. ஒன்று போட்டிருந்ததை ஏழாக மாற்றினாள். கதவு திறந்தது.

தொடக்கத்தைச் சரிசெய்யும் கருவி இருபது நிமிடம் ஓடிவிட்டு, முடியவில்லை என்றது.

புதுப்பிப்பை நீக்கும் கட்டத்துக்குப் போனாள். அவரும் மேலே பார்த்தார். அது ஒரு கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, நீக்குவதில் சிக்கல் என்றது.

மணி பத்தேகால். காலையிலிருந்து அவள் பல்லில்கூடத் தண்ணீர் படவில்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள், கீழே தெருவில் யாரோ காரை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திரும்பி வந்தாள். முகமூடியின் பட்டையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"நான்தான் கெடுத்தேன்" என்றாள். "அணைக்காதேன்னு போட்டிருந்தான். நீங்களும் சொன்னீங்க."

அவர் கண்ணைத் திரைக்கு நகர்த்தினார். அவளைப் பார்த்தார். மறுபடி திரை. மன்னிப்பெல்லாம் அப்புறம், வேலையைப் பார் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் கூட வேலை பார்த்தவர்களை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார்.

மிச்சம் இருந்தது பழைய நிலைக்கு மீட்பது. அதைத் திறந்தபோது ஒரே ஒரு தேதி காட்டியது, ஒன்பது நாளுக்கு முந்தையது. சொந்தக் கோப்புகள் மாறாது என்றும், ஆரம்பித்த பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியை அவள் இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள்.

"போடட்டுமா?"

மேலே.

போட்டாள். காத்திருக்கவும் என்று ஒரு வரி வந்து நின்றது. இதில் சதவீதம்கூட இல்லை. அவள் ஸ்டூலை இழுத்துத் திரைக்கு எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்தே முக்காலுக்கு நாத்தனார் வந்துவிட்டார். கணவரின் அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த உரிமையை எந்த வீட்டு வாசலிலும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்ததில்லை.

"என்னம்மா இது, மெஷின் ஓடலையா?"

"ஓடிக்கிட்டிருக்கு அண்ணி. சரியாயிட்டிருக்கு."

"இதுக்கு எதுக்கு மெஷின்? என் தம்பி மனசு எனக்குத் தெரியாதா?" தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுத்தார். "தம்பி, நீ எங்ககூட இருக்கணும். இருக்கணும்ல? மேல பாருப்பா."

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்கறானா?"

"அது இல்ல அண்ணி. மூடித் திறந்தாத்தான் இல்லைன்னு அர்த்தம். திறக்கவே இல்லைன்னா கோவம்."

"எங்கிட்ட என்ன கோவம் அவனுக்கு?"

"நீங்க கேக்கற விதத்துல ஒரு பதில்தானே சொல்ல முடியும்."

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன பதில் எதிர்பாக்கறே?"

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வாரம் முழுக்க அந்தக் கேள்வியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தாள். குழாய் வேண்டும் என்றால் வருஷக்கணக்கில் அலாரச் சத்தம், சளி உறிஞ்சும் குழாய், ஒரு மணி நேரம்கூட ஆளில்லாமல் விட முடியாத வீடு. வேண்டாம் என்றால் சில மாதம். எது வேண்டும் என்று மனசைக் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். வேலையை விடப்போவதாக மேலாளரிடம் மட்டும் போனில் சொல்லிவைத்திருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

பதினொன்றுக்கு ஒரு நிமிடம் முன்னதாக டாக்டரம்மா வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, திரையை ஒரு தடவை பார்த்தார்.

"எங்களுக்கு ஆமா, இல்லைன்னு ஒரு சைகை போதும். சாட்சிக்கு ரெண்டு பேர் பாக்கறீங்கல்ல."

"அவரு நேத்து ரெண்டு மணி நேரம் எழுதினாரு டாக்டர்" என்றாள் அவள். "ஆமா, இல்லைன்னா அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகாது."

டாக்டரம்மா கட்டிலருகே குனிந்தார். "நான் இப்பவே கேக்கட்டுமா, காத்திருக்கட்டுமா? காத்திருக்கணும்னா மேல பாருங்க."

மூடியிருந்த கண்கள் திறந்தன. மேலே போயின.

"பதினொன்றரை வரைக்கும்தான். எனக்கு ஆபரேஷன் இருக்கு."

மூன்று பெண்களும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நாத்தனார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார். மூச்சு இயந்திரம் மட்டும் எந்தப் பதற்றமும் இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. பதினொன்று பத்து. அந்த வரி அசையவில்லை. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். இல்லாவிட்டால் மறுபடி அந்தப் பொத்தானுக்குப் போய்விடும் என்று தோன்றியது.

பதினொன்று இருபதுக்குத் திரை கறுத்தது.

"போயிடுச்சா?" என்றார் நாத்தனார்.

அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. போகட்டும் என்றது. வராவிட்டால் பதிலைக் கேட்க வேண்டியதில்லை. டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்பார், அவர் மேலே பார்ப்பார் அல்லது மூடுவார், எதுவானாலும் அது யாரோ கேட்ட கேள்விக்கு வந்த பதில். அந்த நிம்மதி முழுசாக ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் கணவரின் கண்கள் தன்மேல் இருப்பதைப் பார்த்துவிட்டாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுட்டது. எழுந்து நின்றாள்.

சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு, மீட்பு வெற்றிகரமாக முடிந்தது, உங்கள் ஆவணங்கள் மாறவில்லை என்று நடுவில் ஒரு சின்னப் பெட்டி.

அவள் இரும்புக் கையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். எழுத்துக் கட்டங்கள் விரிந்தன. கண்ணை அளப்பதற்கான புள்ளி திரையின் ஐந்து இடத்துக்குப் போய்வந்தது, அவர் அதைத் துரத்திப் பிடித்தார். பிறகு நேராகப் போய்த் தன் கோப்பைத் திறந்தார்.

செய்தி வாசிப்பவர் ஆரம்பித்தார்.

"டாக்டர், குழாய் போடுங்க. ஆனா ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, என்னைப் பாத்துக்க வெளியாள் வரணும். இவ வேலைய விடக் கூடாது. சமையல்கட்டுல நின்னு மேலாளர்கிட்ட மெதுவாப் பேசினா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிருக்கா. என் காது நல்லாத்தான் இருக்கு. வேலைய விட்டா எனக்குக் குழாய் வேண்டாம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டாவது. ஒருநாள் இந்தக் கண்ணும் நிக்கும். நின்ன நாள்லேர்ந்து மூணு மாசம் பாருங்க. திரும்ப எழுத வரலைன்னா மெஷினை நிறுத்திடுங்க. அன்னிக்கு எங்க அக்காவைக் கேக்காதீங்க, விட மாட்டா. என் பொண்டாட்டியையும் கேக்காதீங்க, அவளால முடியாது. நான் இப்பவே சொல்லிட்டேன். எழுதிக்குங்க."

குரல் நின்றது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டு, "என்னைக் கேக்கக் கூடாதா? நான் என்ன அவ்வளவு கெட்டவளா?" என்றார்.

கட்டங்களுக்கு நடுவே கண் ஓடியது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. "நல்லவ. அதான் பிரச்சினை."

நாத்தனாருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து இருமல் வந்துவிட்டது. அவளுக்கோ கோபம் வந்தது. காலையிலிருந்து ஓடிய ஓட்டமெல்லாம் கோபமாகத் திரண்டது.

"எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணி எழுதி வெச்சிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா பாத்திரம் கழுவப் போயிடுவ."

டாக்டரம்மா தலையைக் குனிந்து தன் காகிதங்களைப் பார்த்தார்.

"சரி" என்றாள் அவள். கட்டிலுக்குக் கிட்டே வந்து நின்றாள். "வேலைய விடல. ஆனா மூணு மாசம் பத்தாது. கண்ணு நின்னாலும் நீங்க உள்ள இருப்பீங்க. எனக்குத் தெரியும். ஆறு மாசம்."

"மூணு."

"ஆறு. இன்னிக்குக் காலைல நாலு மணி நேரம் கண்ணு மட்டும்தான் இருந்துச்சு. நான் சரியாப் புரிஞ்சுக்கலையா?"

கண் எழுத்துக்குப் போகாமல் அவள் மேலேயே நின்றது. பிறகு எழுதினார். "மெயில்னு ஓடினியே."

"அப்புறம் மெயின்னு கண்டுபிடிச்சேன்ல."

"நாலு."

"அஞ்சு" என்றாள். "அதுக்குக் கீழ வர மாட்டேன்."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "அஞ்சுன்னு எழுதிக்கட்டுமா?"

அவர் எந்த எழுத்துக்கும் போகவில்லை. மேலே பார்த்தார். அதுவே போதும் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டு, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். நாத்தனார் கையெழுத்துப் போடும்போது காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அதைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார்.

எல்லோரும் போன பிறகு அவள் பல் தேய்த்தாள். டீ போட்டுக் குடித்தாள். அப்போதும் உட்கார முடியவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பையை எடுத்து வைத்தாள், எடுத்ததையெல்லாம் வெளியே போட்டு மறுபடி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை துளை போட்டார்கள். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, மூன்றாம் நாள் இறங்கியது. பதினாறாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆயா வந்தார். குழாயைக் கையாள்வதில் கெட்டிக்காரி, பேச்சில் அதைவிட. கம்ப்யூட்டரில் மீட்புக்கான ஒரு தேதியைப் பதிந்துவைப்பது எப்படி என்று கணவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவளே செய்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அது ஒரு வேலை. புதுப்பிப்பு வந்தால் எத்தனை சதவீதத்தில் நின்றாலும் அறையை விட்டு வெளியே போய்விடுவாள்.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் கவுன்ட்டரில் அவளால் நிலைகொள்ள முடியவில்லை. ஒருவருடைய எண்ணை இன்னொருவருக்குப் படித்தாள், எடை போட்ட பெட்டியையே மறுபடி எடை போட்டாள். பன்னிரண்டு மணிக்குப் போன் அதிர்ந்தபோது வரிசையில் நின்றவர்களிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவர்தான் எழுதியிருந்தார்.

"மூச்சு நல்லா இருக்கு. ஆயா காலைலேர்ந்து ரேடியோவோட சேந்து பாடறாங்க. சாயங்காலம் வரும்போது ஒரு ஹெட்போன் வாங்கிட்டு வா. எனக்கு இல்ல, அவங்களுக்கு."